முதலில் வருபவர் காத்திருக்கலாமா?

சேலம் சந்திப்பு அமைந்துள்ள சூரமங்கலத்தில் வாழும் நமக்கு ரயிலைப் பற்றி எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில், பயணிகள் வந்து ஏறிய பின்னர் எவரும் நெருப்பு மூட்டியதில்லை. ஆறிக் கிடக்கும் கொதிகலனில் நீராவி அழுத்தம் ஏறப் பல மணி நேரம் ஆகும். ஆதலால் ஊர் உறங்கும்போதே நெருப்பு மூட்டப்பெற்றது. இந்த எளிய ஒழுங்கை இன்றைய இணையச் சேவைகள் பல மறந்துவிட்டன என்பதே நம் வருத்தம்.

அண்மையில் நம் மாணவி ஒருத்தி கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஓர் இணையத்தளத்தைத் திறந்தாள். திரை வெண்மையாகவே நின்றது. தன் கைப்பேசி பழையது, தனக்கு இதெல்லாம் வராது என்று எண்ணி மூடிவிட்டாள். அருகிருந்த தோழி அதே தளத்தை அடுத்த நிமிடம் திறந்தாள், உடனே திறந்தது. முன்னவள் தட்டியதால் விழித்த கதவு, பின்னவளுக்குத் திறந்தது! பிழை முன்னவளுடையது அன்று. ஆயினும் பழியை அவளே சுமந்தாள்.

இஃது ஏன் நேர்கிறது? சிக்கனம் கருதி, சிறிது நேரம் எவரும் அழைக்காவிடில் நிரலை உறங்க வைத்துவிடும் ஏற்பாடு பல வழங்கிகளில் உண்டு. மீண்டும் முதல் அழைப்பு வரும்போது நிரல் நினைவகத்தில் ஏற்றப்பட வேண்டும். தரவுத்தளத்தோடு புதிதாகத் தொடர்பு ஏற்பட வேண்டும். அடிக்கடி கேட்கப்படும் விவரங்களுக்கான தற்காலிகச் சேமிப்பும் வெறுமையாக இருக்கும். இவ்வளவு வேலைக்குமான நேரத்தை முதலில் வந்தவரே தம் பொறுமையால் செலுத்துகிறார்.

இதில் ஒரு சமூக அநீதியும் மறைந்திருக்கிறது. இரவும் பகலும் கூட்டம் மொய்க்கும் ரயில் முன்பதிவுத் தளம் உறங்குவதே இல்லை. எப்போதோ ஒருவர் வந்து செல்லும் சிற்றூர்க் கல்லூரியின் தளம், சிறிய நூலகத்தின் பட்டியல், சிறுபான்மையோர்க்கான ஓர் உதவித்திட்டத்தின் பக்கம் ஆகியவையே உறங்குகின்றன. அங்கு வருபவர் ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் 'முதல்வர்'தாம். ஆள் குறைந்த வாசலுக்கே தாமதம் மிகுதி.

சராசரிக் கணக்கு இதைக் காட்டிக் கொடுப்பதில்லை. நூறு பேரில் 99 பேருக்கு 0.2 நொடியும், ஒருவருக்கு 12 நொடியும் ஆகின்றன எனக் கொள்வோம். சராசரி 0.32 நொடிதான்! அறிக்கை அழகாக இருக்கும். அந்த ஒருவர் திரும்பிப் போயிருப்பார்.

எப்போதும் விழித்திருக்கச் செய்தால் செலவும் மின்சாரமும் வீணாகுமே என்பர். அதில் உண்மை உண்டு. அழைப்பு வரும்போது மட்டும் நிரலை இயக்கிக் கட்டணம் பெறும் 'லாம்டா' சேவையை அமேசான் நிறுவனம் 2014-இல் அறிவித்தது நன்மைக்கே. ஆயினும் தாமதத்தைத் தவிர்க்க விரும்புவோர்க்காக, தனிக் கட்டணத்தில் நிரலை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருக்கும் வசதியை 2019-இல் அந்நிறுவனமே கொண்டுவர நேர்ந்தது. எல்லாவற்றையும் விழிக்க வைக்க வேண்டா, ஒன்றேனும் விழித்திருக்கட்டும். அலுவல் நேரம் தொடங்குமுன் பொறியே ஒருமுறை கதவைத் தட்டி எழுப்பட்டும். நிரலின் சுமையும் குறையட்டும். முதல் பக்கத்துக்கு வேண்டாதவை பிறகு ஏறட்டும்.

இவற்றினும் எளிய வழிக்கு நம் மொழியிலேயே சான்று உண்டு. 1998 முதல் தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக வழங்கிவரும் மதுரைத் திட்டம், நூல்களை ஆயத்தக் கோப்புகளாகவே வைத்திருக்கிறது. கேட்ட பின்னர் நிரலை எழுப்பிப் பக்கத்தைச் சமைக்க வேண்டியதில்லை. இருப்பதை எடுத்துக் கொடுத்தால் போதும். மாறாத செய்திகளுக்கு இதுவே தக்க வழி.

நம் சமுதாயப் பெரியோர்க்கு இது புதிய பாடமன்று. ரமளான் மாதத்தில் நோன்பாளிகள் வந்து அமர்ந்த பின்னரா பள்ளிவாசலில் கஞ்சிக்கு அடுப்பு மூட்டுகிறோம்? மாலையில் முதலில் வரும் சிறுவனுக்கும் கஞ்சி சூடாக இருக்க வேண்டும் என்றல்லவா பகலிலேயே அண்டாவை ஏற்றுகிறோம்! வள்ளுவர் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்ததும் வாசலில் நிற்பவரின் மனத்தை அறிந்தேயாகும்.

ஆகவே, நம் கல்வி நிறுவனங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் இணையத்தளம் அமைத்துத் தருவோரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்போம்: "இரவெல்லாம் எவரும் வராத தளத்தை விடியலில் திறக்கும் முதல் மாணவர் எத்தனை நொடி காத்திருப்பார்?" கணினி பயிலும் மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் சேவைகளைப் படைக்கும்போது அந்த முதல் மாணவரை நினையுங்கள். அவர் தம்மையே குறை சொல்லிக்கொண்டு திரும்பிச் செல்லாதிருப்பது உங்கள் கையில் இருக்கிறது.