ஒப்பந்ததாரரின் இடத்தை மென்பொருள் நிரப்புமா?

கட்டுமானம், சாலை, குழாய்ப் பதிப்பு, மின்கோபுரம் என்று வெட்டவெளியில் வேலை நடக்கும் துறைகளில் ஒரு கருத்து வேகமாகப் பரவி வருகிறது. நல்ல திட்ட மேலாண்மை மென்பொருள் ஒன்றை வாங்கிவிட்டால், அனுபவப்பட்ட பொறியியல் ஒப்பந்ததாரருக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. குறைந்த விலை சொல்பவரை வைத்தே வேலையை முடித்துவிடலாம் என்கிறார்கள். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு, எது மலிவு என்று பார்க்கும் வழக்கமும் வந்துவிட்டது. இந்தக் கருத்து தவறு மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட.

மென்பொருள் இருந்தால் தாமதம் வராது என்பதுதான் அவர்கள் முதலில் எடுத்து வைக்கும் வாதம். பிரைமவேரா, மைக்ரோசாஃப்ட் பிராஜெக்ட் போன்ற மென்பொருள்களின் அடியில் இருப்பது, 1950களின் இறுதியில் டுபாண்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து உருவாக்கிய கணக்கு முறை. எந்த வேலை எதற்குப் பின், எதற்கு எத்தனை நாள் என்று கொடுத்தால், எங்கே தாமதித்தால் மொத்தத் திட்டமும் தள்ளிப்போகும் என்று அது காட்டும். அருமையான கருவிதான். ஆனால் 'எத்தனை நாள்' என்பதை யாரோ ஒருவர் சொல்லியாக வேண்டும். பாறை எந்த ஆழத்தில் வரும், ஐப்பசி மழையில் எத்தனை நாள் காங்கிரீட் போட முடியாது, இந்த ஊரில் கம்பி கட்டும் ஆட்கள் பொங்கலுக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்பதெல்லாம் அங்கே வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும்.

சென்னை மெட்ரோவின் அண்ணா சாலைச் சுரங்கத்தைப் பாருங்கள். அங்கே பணி எடுத்திருந்த இந்திய-ரஷ்யக் கூட்டு நிறுவனம் வேலையைத் தொடராமல் போக, 2015இல் ஒப்பந்தம் ரத்தானது. துளையிடும் இயந்திரங்கள் மண்ணுக்கடியிலேயே நின்றன. மீதி வேலை வேறு ஒப்பந்ததாரர்களிடம் போய், டி.எம்.எஸ் முதல் வண்ணாரப்பேட்டை வரையான பாதை 2019 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. வேலை நின்றுவிட்டது என்பதை எந்தத் திரையும் காட்டியிருக்கும். நின்ற இயந்திரத்தை மறுபடி ஓட்ட, ஆளும் பணமும் மண்ணைப் பற்றிய அறிவும் உள்ள இன்னொரு ஒப்பந்ததாரர்தான் வரவேண்டியிருந்தது.

திரையில் வருவது உண்மை நிலவரம் என்ற அடுத்த வாதத்துக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தின் வருகைப்பதிவுச் செயலி பதில் சொல்கிறது. இடக்குறியீட்டோடு நாளுக்கு இருமுறை படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரியில் அது கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பி முறைகேடுகளைப் பட்டியலிட்டது: வேலைக்குத் தொடர்பில்லாத படங்கள், ஏற்கெனவே எடுத்த படத்தையே மறுபடி படம் எடுத்து ஏற்றியவை, பதிவிலும் படத்திலும் ஆள் எண்ணிக்கை ஒத்துப்போகாதவை. '70 சதவீதம் முடிந்தது' என்று கட்டுமானத் தளத்திலிருந்து வரும் பதிவுக்கும் இதே கதிதான். நேரில் போய் அளந்து எம்.புக் என்னும் அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் பொறியாளர் இல்லாவிட்டால் அது வெறும் எண்.

விலைக் கணக்குதான் எனக்கு மிகவும் கவலை தருவது. உரிமக் கட்டணத்தையும் ஒப்பந்ததாரரின் விலையையும் ஒப்பிடுபவர்கள், அந்த விலைக்குள் பொறுப்பும் சேர்ந்திருப்பதை மறந்துவிடுகிறார்கள். வங்கி உத்தரவாதம், பில்லில் பிடித்து வைக்கும் ரிடென்ஷன் தொகை, முடித்த பிறகும் குறைகளைச் சரிசெய்து தரவேண்டிய காலம் என எல்லாம் அவர் தலைமேல்தான். தளம் ஒழுகினால் அவரைக் கூப்பிடலாம். கட்டடத்தின் தரத்துக்கு மென்பொருள் நிறுவனம் எந்தப் பிணையும் கொடுப்பதில்லை. தாங்கல்களுக்கு இடையே நாலரை மீட்டர் வரை நீளமுள்ள தளத்துக்கு ஏழு நாள், அதற்கு மேல் பதினான்கு நாள் கழித்தே முட்டுகளை எடுக்கலாம் என்பது ஐ.எஸ். 456 சொல்லும் பொது விதி. ஏழாம் நாள் செயலி நினைவூட்டும். அந்த ஏழு நாளும் தளத்தில் ஒழுங்காகத் தண்ணீர் நின்றதா, க்யூப் சோதனையில் பலம் வந்ததா என்று பார்த்து, 'இன்னும் எடுக்காதே' என்று மேஸ்திரியைத் தடுக்க ஒரு மனிதர் வேண்டும். கீழே நிற்பவர்களின் உயிர் அந்தச் சொல்லில் இருக்கிறது.

ஒப்பந்ததாரர்கள் மறைப்பார்கள், மென்பொருள் வெளிச்சம் காட்டும் என்பதில் ஓரளவு நியாயம் உண்டு. பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு தூணைத் தவறான இடத்தில் எழுப்பும் கொடுமை, எல்லோர் கையிலும் ஒரே வரைபடம் இருந்தால் பெருமளவு நிற்கும். சிமென்ட் வரவு செலவிலும் அப்படியே. அதற்காக வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். ஆனால் நேர்மையில்லாத ஒப்பந்ததாரர் செயலியிலும் பொய்தான் பதிவார்.

எனவே முதலில் ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுங்கள்: இதே மண்ணில் முன்பு என்ன செய்தார், வேலையிடத்தில் நிற்கப்போகும் பொறியாளர் யார் என்று கேட்டு. கால அட்டவணையை அந்தப் பொறியாளரே போடட்டும். பிறகு மென்பொருளை வேலையிடத்துக்கே கொண்டுபோய், சிக்னல் இல்லாத நேரத்தில் ஒரு நாள் அறிக்கையை அவர் தன் செல்பேசியிலேயே பதிந்து பார்க்கட்டும். அதற்கு வளைந்துகொடுக்காத மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.