பட்டணத்தின் பெயரும் நம் கடையின் பெயரும்



தாம்பரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நமக்கு அறுபது வயது கடந்துவிட்டது. சிறுவயதில் அப்பாவோடு மின்சார ரயிலேறிக் கொத்தவால் சாவடிக்குச் சரக்கெடுக்கப் போவோம். பக்கத்துக் கடைக்காரர் கேட்டால் அப்பா "பட்டணத்துக்கு" என்பார். கொடுக்கும் பில்லில் "மெட்ராஸ்" என்று அச்சடித்திருக்கும். அங்கே தெலுங்கு பேசும் வியாபாரிகள் "சென்னபட்டணம்" என்பார்கள். ஒரே ஊருக்கு இத்தனை பெயரா என்று அன்று விழித்தோம்.

விவரம் பிற்பாடுதான் தெரிந்தது. 1639 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே, தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் நிலம் பெற்றார். அந்தப் பட்டயத்திலேயே மதராசபட்டணம் என்ற பெயர் இருக்கிறது. ஆகவே அது கம்பெனிக்காரன் வைத்த பெயர் அல்ல. மாதரேசன் என்ற மீனவத் தலைவரின் பெயர் என்பாரும், சாந்தோம் போர்ச்சுக்கீசியக் குடும்பம் ஒன்றின் பெயர் என்பாரும், மதரசாவிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை. சென்னபட்டணமோ, நாயக்கரின் தந்தை சென்னப்பர் நினைவாக வந்தது என்பர்.

இயற்கைத் துறைமுகம் கூட இல்லாத மணற்கரை அது. அலையில் மசூலா படகு விட்டுத்தான் சரக்கை ஏற்றி இறக்கினார்கள். அப்படிப்பட்ட ஊரின் பெயர் உலகெங்கும் போனது எப்படி? நெசவாளர் நெய்த துணியாலும் வியாபாரிகளின் உழைப்பாலும்தான். கரீபியன் கடலில் உள்ள மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் பெண்கள் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்கு இன்றும் "மெட்ராஸ்" என்றே பெயர். 1996இல் அரசு ஊரின் பெயரைச் சென்னை என்று மாற்றியது. சரக்கு சம்பாதித்த பெயர் மாறவில்லை.

இன்னொன்றும் பாருங்கள். 1788இல் இங்கே வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரி 1824இல் காலமானார். இருநூறு வருடம் ஆகியும் பஸ் கண்டக்டர் "பாரீஸ், பாரீஸ்" என்றுதான் கூவுகிறார். அது ஒரு வியாபாரியின் பெயர்!

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சென்ற வருடம் நம் மகன், "தாத்தா பேரு பழசா இருக்குப்பா, ஏதாவது 'மார்ட்'னு மாத்திடலாம்" என்றான். தவறாகச் சொல்லவில்லை. பெரிய கம்பெனிக் கடைகளும் செல்போன் ஆர்டரும் நம்மை நெருக்கும்போது பிள்ளைகளுக்கு அந்தக் கவலை வருவது இயல்பே. ஆனால் நம்மிடம் சரக்கெடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர் இப்படித்தான் பெயரை மாற்றினார். கடை கைமாறிவிட்டது என்று நினைத்து மாதச் சிட்டை வாடிக்கையாளர் பலர் வேறு கடைக்குப் போய்விட்டனர். நம் பற்று வரவுப் பேரேட்டிலேயே அவர் கணக்கு இளைத்ததைப் பார்த்தோம்.

அதனால் மகனிடம் ஒன்று சொன்னோம். பலகையைப் புதிதாக்கு, விளக்குப் போடு, கம்ப்யூட்டர் பில் போடு. பெயரை மட்டும் விட்டுவை. அதையும் தமிழில் பெரிதாக எழுது.

ஆனால் பழம்பெயர் மட்டும் சோறு போடாது. அரிசியில் கல்லும் எடையில் குறைவும் இருந்தால், தாத்தா பெயருக்கு நாமே இழுக்குத் தேடுகிறோம். ஊருக்குப் பெயர் வைக்க அரசாணை போதும். கடையின் பெயரை நிலைக்க வைப்பது வாடிக்கையாளர் நாக்கு ஒன்றுதான். அதை நாணயத்தால் மட்டுமே வாங்க முடியும்.

புதுப் பலகைக்கு ஆர்டர் கொடுக்குமுன் அன்பர்கள் ஒருமுறை யோசிக்க வேண்டுகிறோம்.