ஒன்பது அங்குலத்துக்குக் கீழே

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரம் ரயில் நிலையம் அதிகத் தொலைவில் இல்லை. எங்கள் பகுதிப் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்வதும் திரும்புவதும் அந்த வழியாகத்தான். 2021 செப்டம்பர் 23 அன்று அந்த நிலையத்தின் அருகே ஒரு கல்லூரி மாணவி, தனக்கு அறிமுகமான இளைஞரால் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அதே வாரத்தில் தமிழகக் காவல் துறை மாநிலம் முழுவதும் ரவுடிகளைத் தேடிச் சோதனை நடத்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்களைக் கைப்பற்றியது. அரிவாளும் கத்தியும் செய்யும் பட்டறைகள், வாங்குவோரின் விவரங்களைக் குறித்து வைக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 13 அன்று, கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் பணியில் இருந்த புற்றுநோய் மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டார். நல்வாய்ப்பாக அவர் உயிர் பிழைத்தார். குத்தியவர் பெருங்களத்தூரைச் சேர்ந்த இளைஞர். அங்கு சிகிச்சை பெற்ற பெண்மணி ஒருவரின் மகன். இரண்டு நிகழ்வுகளிலும் கத்தி வெளியே வரும்வரை யார் கண்ணிலும் படவில்லை. பட்டறைக் கணக்கேடும் ரவுடிப் பட்டியலும் இத்தகைய கைகளைத் தடுக்க வந்தவை அல்ல.

சிறிய கத்தியைப் பற்றி நம் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தபோது எனக்கு வியப்பே மிஞ்சியது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட, அல்லது அவ்வாறு மாற்றியமைக்கப்பட்ட எந்தப் பொருளையும் ஆயுதம் என்கிறது. வீட்டுக்கும் வயலுக்கும் மட்டுமே உரியவற்றை விலக்கிவிடுகிறது. தெளிவான வரையறைதான். ஆனால் அதன்கீழ் எழுதப்பட்ட விதிகள் அங்குலக் கோலைக் கையில் எடுத்துக்கொண்டன. 1962-ஆம் ஆண்டு விதிகளிலும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டு விதிகளிலும் வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவை பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. கத்தி என்றால் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டிருக்க வேண்டும், அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்றிருக்க வேண்டும். அப்போதும், அதை வைத்திருக்க உரிமம் கட்டாயமாவது மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட பகுதிகளில்தான்.

ஒன்பது அங்குலக் கத்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எவரும் மருத்துவமனைக்குள் நடக்க முடியாது. இன்று கத்தி வடிவமைப்பாளர்களின் திறமையெல்லாம் எதிர்த்திசையில் செல்கிறது: மூன்று, நான்கு அங்குல அலகு, விரல் நுழையும் வளையம், கழுத்திலோ இடுப்பிலோ துருத்தாமல் படியும் தட்டையான உறை. பேனா போன்றது ஒன்று, அடையாள அட்டை போல மடங்குவது ஒன்று, இடைவாரின் கொக்கிக்குள் ஒளிவது ஒன்று. காய் நறுக்க இவை உதவா. குத்துவாள் என்ற பெயரில் விற்றால் விதிகள் குறுக்கே வரக்கூடும் என்பதால், ‘முகாம் கத்தி’, ‘தற்காப்புக் கருவி’ என்று பெயர் சூட்டுகிறார்கள்.

மறைத்து எடுத்துவரும் கத்தி நமக்குப் புதிதன்று. மெய்ப்பொருள் நாயனாரைக் கொன்ற முத்தநாதன் அதை ஏட்டுக்கட்டுக்குள் கொண்டுவந்தான். வாயிற்காவலர் கண்டது அவன் அணிந்திருந்த திருநீற்றை மட்டுமே.

நாம் ஆயுதச் சட்டம் இயற்றிய அதே 1959-இல் பிரிட்டனும் ஒரு சட்டம் இயற்றியது. பொத்தானை அழுத்தினால் விரியும் கத்தி, உதறினால் தானே நீளும் கத்தி ஆகிய இரண்டையும் செய்வதற்கும் விற்பதற்கும் அது தடை விதித்தது. அலகின் நீளத்தை அது கேட்கவில்லை. கத்தியின் பொறியமைப்பைப் பார்த்தது. பின்னர் 1988-இல், தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதையே அங்கு குற்றமாக்கினார்கள். மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்திக்கு மட்டும் விலக்கு. ஆயினும் அங்கே கத்திக்குத்து ஓய்ந்துவிடவில்லை. 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகளைக் கொன்றது, இணையத்தில் வாங்கிய சமையலறைக் கத்தி.

டெல்லியின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும். அங்கே 1980-இல் வந்த ஓர் அறிவிக்கை, 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எட்டும் பொத்தான் கத்திகளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. விளைவு, சட்டைப்பையில் கத்தி இருந்ததாகச் சாதாரண மனிதர்கள்மீது வழக்குகள். அப்படிப்பட்ட ஒரு வழக்கை 2025-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அறிவிக்கை தடுப்பது விற்பனைக்காகவோ சோதனைக்காகவோ வைத்திருப்பதை. குற்றப்பத்திரிகையோ அதைப் பற்றிப் பேசவே இல்லை. எனவே, அங்குலத்தை ஒன்பதிலிருந்து மூன்றாகக் குறைத்தால் போதும் என்போருடன் என்னால் உடன்பட முடியவில்லை. மாம்பழம் நறுக்கப் பையில் கத்தி வைத்திருக்கும் கூலித் தொழிலாளிதான் முதலில் காவல் நிலையத்தில் உட்கார நேரும்.

கட்டுப்பாடு விற்பவரிடத்தில் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. எந்த வகை ஆயுதங்களைச் செய்யவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்று விதிகளால் வரையறுக்க, ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு வழி தருகிறது. மறைத்து வைப்பதற்கென்றே வேறொரு பொருளின் உருவில் செய்யப்பட்ட கத்தி, விரல்வளையம் கொண்ட சண்டைக் கத்தி என வடிவத்தைக் கொண்டு ஒரு வகையை அதில் சேர்க்கலாம். நீளம் எதுவாகவும் இருக்கட்டும். புதிய சட்டம் தேவையில்லை, விதித் திருத்தம் போதும். விதி எழுதும் அதிகாரம் மத்திய உள்துறையிடம் இருக்கிறது. அதைக் கோரித் தமிழக அரசு கடிதம் எழுதலாம். சமையலறைக் கத்தியை இது தடுக்காது என்பதை மறைக்கவில்லை. அதற்கு மருத்துவமனை வாசலில் சோதனையும், நோயாளியின் குடும்பத்தாரிடம் பொறுமையாகப் பேச ஆளும் வேண்டும்.

இப்போதைய நிலை விந்தையானது. திருப்பாச்சேத்தியில் கரும்பு வெட்ட அரிவாள் அடித்துக் கொடுக்கும் கொல்லர், வாங்குபவர் யார், எதற்கு என்று கேட்டு எழுதி வைக்க வேண்டியவராகிறார். பேனா உருவில் வரும் கத்தியைக் கூரியர் ஊழியர் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏதோ ஒரு வீட்டு வாசலில் கொடுக்கிறார். வாங்குபவருக்கு வயது பதினைந்தா ஐம்பதா என்று கேட்கும் கடமைகூட அவருக்கு இல்லை.