உள்ளே ஒரு பெட்டி

விடுதி நண்பனின் கிதாரைத் தட்டித் தட்டி, உள்ளிருந்து ஓசை எப்படிப் பிறக்கிறது என்று ஆராய்வது என் வழக்கம். அதனால்தானோ என்னவோ, மாரியோ மக்காஃபெரியின் கதை என்னைக் கவர்ந்தது.

மின்கிதார் பரவாத காலம் அது. நடன அரங்குகளின் ஆரவாரத்தில் கிதாரின் குரல் அமுங்கிப் போயிற்று. பாரிசின் செல்மர் நிறுவனத்துக்காக மக்காஃபெரி வடிவமைத்து 1932-இல் வெளிவந்த கிதார்களின் வயிற்றுக்குள் இன்னொரு மரப்பெட்டி இருந்தது. ஓசை பெருகும், சீராகும் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் பசை விட்டுப் பெட்டி கடகடத்தது. வாசித்தோர் பலர் அதைக் கழற்றிவிட்டனர். செல்மரும் பின்னர் கைவிட்டது. ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் புகழ்பெற்ற 503-ஆம் எண் கிதார், சிறிய நீள்வட்டத் துளை கொண்ட பிற்கால வகையே.

இன்று பழைய பாணிக் கிதார் செய்வோருள் சிலர் அப்பெட்டியை மீண்டும் பொருத்துகின்றனர். கடகடக்காமல் நாதம் கூடுமாயின் வரவேற்போம். பழமை என்பதற்காக மட்டுமே என்றால், நான் உடன்படேன். வாத்தியத்துக்குச் செவியே நீதிபதி.

பெட்டி போயிற்று, மக்காஃபெரியின் பெயர் போகவில்லை. புதிதாய் ஒன்றைப் பொருத்தத் துணிவு வேண்டும்; பயன்படாததைக் கழற்றவும் அதே துணிவு வேண்டும். மாணவர்களாகிய நமக்கு இரண்டும் தேவை அன்றோ?