ஓ-3 போட்டால் வேகம் வந்துவிடுமா?



எங்கள் தரம் 11 மாணவர் ஒருவர் பள்ளிவாசல் சந்தாக் கணக்குக்குப் பாஸ்கலில் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வந்தார். மாஷா அல்லாஹ், நல்ல முயற்சி. ஆனால் பட்டியல் வர அரை நிமிடம் எடுத்தது. "சேர், ஓ-3 போட்டும் பார்த்தேன், அப்படியேதான் இருக்கு" என்றார். எழுதியதைக் கணினிக்கு விளங்கும்படி மாற்றித் தரும் கொம்பைலரிடம், 'நன்றாக வேகப்படுத்து' என்று சொல்வதுதான் ஓ-3.

கூட இருந்து பார்த்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் பற்றுச்சீட்டு பைலை முதல் வரியிலிருந்து திரும்பத் திறந்து வாசிக்கிறது. கொம்பைலர் இதில் கை வைக்காது. இடையில் பைல் மாறியிருக்குமோ என்பது அதற்குத் தெரியாது. ஒருதரம் மட்டும் வாசிக்கும்படி மாற்றினோம். பட்டியல் உடனே வந்தது.

பிழை பிள்ளையில் இல்லை, எங்களில். 60*60*24 என்று எழுதாதே, 86400 என்று எழுது என்கிறோம். அந்தப் பெருக்கலைக் கொம்பைலர் மொழிமாற்றும்போதே ஒருதரம் செய்து வைத்துவிடும், செலவே இல்லை. பிள்ளை விளங்குகிற மாதிரி எழுதட்டுமே. ஆனால் எல்லா உத்தியும் இப்படி இலவசமில்லை. சிறு செயன்முறையை அழைக்கிற இடமெல்லாம் அதன் உடலையே பிரதிபண்ணி வைப்பது, லூப்பை விரித்து எழுதுவது போன்றவை கோடைப் பருக்க வைக்கும். புரொசஸருக்குப் பக்கத்திலுள்ள சிறிய கேஷ் நினைவகத்தில் அது கொள்ளாவிட்டால் வேகம் குறையவும் கூடும். அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது.

பாஸ்கலை 1970இல் தந்த நிக்லாஸ் விர்த் இதற்கு ஒரு கண்டிப்பான அளவுகோல் வைத்திருந்தார். அவருடைய கொம்பைலர் அதன் சொந்த மொழியிலேயே எழுதப்பட்டது. புதிய உத்தி ஒன்றைச் சேர்த்தால் கொம்பைலர் பெருக்கும், வேலையும் கூடும். ஆனால் அந்த உத்தியாலேயே கொம்பைலரும் வேகமாகும். ஆகவே கொம்பைலரைக் கொண்டே கொம்பைலரை மொழிமாற்றி நேரம் பார்ப்பார். குறைந்தால் உத்தி இருக்கும், கூடினால் போகும். லாபமும் செலவும் ஒரே மணிக்கூட்டில்! எங்களுக்கு மிகவும் பிடித்த முறை இது.

டொனால்ட் நூத் 1971இல் உண்மையான போர்ட்ரான் புரோகிராம்களை எடுத்து ஆராய்ந்தபோது, பொதுவாக 4 வீதத்துக்கும் குறைந்த பகுதிதான் ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் எடுக்கிறது என்று கண்டார். அந்தப் பகுதி எதுவென்று தேடப் பழக்காமல் நாங்கள் ஷோர்ட்கட் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.

"டியூட்டரியில் நிறைய ட்ரிக்ஸ் சொல்லிக் கொடுக்கிறாங்க, நீங்க சொல்றதில்லையே" என்று சில பெற்றோர் கேட்கிறீர்கள். உண்மைதான், சொல்வதில்லை. இந்தத் தவணையிலிருந்து எங்கள் வகுப்பு புரொஜெக்ட்டில், வேகப்படுத்தினேன் என்று எழுதும் பிள்ளை முந்திய நேரத்தையும் பிந்திய நேரத்தையும் செக்கனில் எழுதித்தர வேண்டும்.

அந்தச் சந்தா புரோகிராமில் ஓ-3ஐ எடுத்துவிட்டோம். பிழை தேட அது இடைஞ்சலாக இருந்தது. ஓ-1இலேயே ஓடுகிறது.