அந்தப் பாட்டுப் பொட்டி இன்னும் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு

"போன்லயே எல்லாப் பாட்டும் வருதே, இன்னும் எதுக்கு இந்தப் பொட்டி?" என்று ஊருக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். மெமரி கார்டு போட்டுப் பாடுற சின்ன எப்.எம். பொட்டியைத்தான் சொல்றாங்க. காட்டு வேலை பாக்குறவனுக்கு அதுதான் சரின்னு நான் சொல்வேன்.

எங்க கிணத்து மேட்டுல டவர் கிடைக்காது. போன் சேத்துல விழுந்தா பத்தாயிரம் போச்சு. பொட்டி பாட்டுக்கு வரப்புல கிடக்கும், பாடும். சாதாரண தரத்துல (128 கேபிபிஎஸ்) எம்பி3 பாட்டு நிமிசத்துக்குச் சுமார் 1 எம்பி. 4 ஜிபி கார்டுல 5 நிமிசப் பாட்டு 700-க்கு மேல கொள்ளும். நெட்டும் வேணாம், மாசக் கட்டணமும் வேணாம்.

ஏத்தும்போது சிலதைக் கவனிக்கணும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டு பெரும்பாலும் எக்ஸ்பேட் முறையில வரும். பல பொட்டிகளுக்கு பேட்32 மட்டும்தான் தெரியும். நிறைய பொட்டி பேர் வரிசையில பாடாது, ஏத்துன வரிசையிலதான் பாடும். ஏறி முடியுறதுக்குள்ள கார்டை உருவினா பாட்டு கெட்டுடும்.

ஆனா எனக்கு முக்கியம் வேற ஒண்ணு. கடையில கொடுத்தா சினிமாப் பாட்டு ஏத்தித் தருவாங்க. எங்க ஊர் நடவுப் பாட்டு எந்தக் கடையிலயும் இல்லை. நடவு மிசின் வந்த பிறகு வயல்லயும் இல்லை. பாடத் தெரிஞ்சவங்க எழுபது வயசைத் தாண்டிட்டாங்க.

போன வருசம் எங்க அத்தை ஒருத்தங்க பாடுனதை போன்ல பதிஞ்சேன். அது எம்4ஏ கோப்பு, பொட்டிக்குப் புரியலை. பையன்தான் கம்ப்யூட்டர்ல எம்பி3-யா மாத்தி ஏத்திக் கொடுத்தான். அத்தை இப்ப இல்லை. களை எடுக்கிற பொம்பளைங்க அந்தப் பாட்டு வந்தா கூடச் சேர்ந்து பாடுறாங்க. சின்னப் பொண்ணு ஒண்ணு ரெண்டு அடி கத்துக்கிட்டா.

போன்ல கேக்குற சினிமாப் பாட்டு எங்கயும் போயிடாது, என்னைக்கு வேணும்னாலும் கேட்டுக்கலாம். அப்பத்தா குரல் அப்படி இல்லைங்க. பொங்கலுக்கு வரும்போது அவங்களைப் பாடச் சொல்லிப் பதிஞ்சுக்கோங்க. ஒண்ணு கார்டுல, ஒண்ணு கம்ப்யூட்டர்ல வைங்க. கார்டு எப்ப வேணும்னாலும் மக்கர் பண்ணும். ஊர்ல விட்டுட்டுப் போறதுக்கும் ஒரு காப்பி போடுங்க, நாங்களும் கேப்போம்.