பீரோச் சாவி யாரிடம்?

பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்கிரகாளியம்மனைத் தரிசிக்கப் போகிறவர்கள், அர்ச்சனைத் தட்டைக் கையில் வாங்கியதுமே திண்டிவனம் பஸ்ஸையோ விழுப்புரம் பஸ்ஸையோ பிடிக்கத்தான் பறப்பார்கள். கூடவே குழந்தைகள் இருந்தால், ஊரிலேயே உள்ள கல்மரப் பூங்காவுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். மரம் மாதிரியே பட்டையும் வரியுமாகக் கிடக்கும். தொட்டால் சில்லென்று கல்! "மரம் எப்படிம்மா கல்லாச்சு?" என்று எந்தக் குழந்தையும் கேட்காமல் இராது.

சுமார் 2 கோடி வருஷங்களுக்கு முன்னால் மணலுக்குள் புதைந்துபோன மரங்கள் அவை. மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா என்ற சத்து மரத்தின் நார் நாராகப் புகுந்து இறுகிவிட்டது. நம் புளிய மரத்துக்கும் ஆமணக்குக்கும் தூரத்துச் சொந்தமானவைகூட அங்கே படுத்திருக்கின்றன. இவ்வளவு சொன்னால் குழந்தை விடுமா? "அப்போ யானை இருந்துச்சா? மனுஷங்க இருந்தாங்களா?" என்று ஆரம்பிக்கும். நமக்கோ உலையில் அரிசி போட நேரமாகியிருக்கும். "ஸ்கூல்ல டீச்சரைக் கேளு, போ" என்று அனுப்பிவிடுவோம்.

பள்ளிக்கூடத்தில் புத்தக பீரோ உண்டு. 1987இல் வந்த கரும்பலகைத் திட்டத்திலேயே ஆரம்பப் பள்ளிகளுக்குப் புத்தகங்களும் தந்தார்கள். ஆனால் நம் அரசு ஆரம்பப் பள்ளிகளில் நூலகர் என்று தனியாக ஓர் ஆள் கிடையாது. யாராவது ஓர் ஆசிரியை, பாடம், வருகைப் பதிவு, சத்துணவு எல்லாவற்றோடும் அந்தச் சாவியையும் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். "ஒரு புத்தகம் குறைஞ்சா நான்தானே பதில் சொல்லணும்?" என்பது அவருடைய பயம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. பீரோ பூட்டியே இருந்தால் கணக்கு சரியாக இருக்கும், புத்தகம் புத்தம் புதிதாக இருக்கும். அதைக் குழந்தைதான் பார்த்திருக்காது.

இந்தப் பூட்டோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டிய ஒரு நூலகரை இன்று நினைத்துப் பார்க்கலாம். சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன். 1892இல் பிறந்தவர். பெரிய பல்கலைக்கழக நூலகர்தான். ஆனாலும் ஆரம்பப் பள்ளிக்கூட வாசனை தெரிந்தவர். ஆறு வயதில் தகப்பனாரை இழந்த பிள்ளையை ஆதரித்த தாத்தா, ஆரம்பப் பள்ளி ஆசிரியர். பையனுக்குத் திக்குவாய் வேறு. அந்தப் பையன்தான் பிற்பாடு கல்லூரியில் கணக்கு வாத்தியார் ஆனார் என்றால் பாருங்கள்!

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் வேலைக்கு வந்தார். வந்த வேகத்திலேயே அலுத்துப் போயிற்று. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை, வாசகர்களும் இல்லை. "என்னைப் பழைய வேலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மாநிலக் கல்லூரிக்கே போய் நின்றார். "லண்டனுக்குப் படிக்கப் போய்விட்டு வந்து அப்புறம் சொல்" என்று திருப்பி அனுப்பினார்களாம். லண்டனில் நூலகம் நூலகமாகச் சுற்றினார். அங்கே மில் தொழிலாளியும் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் புத்தகம் எடுத்துப் போவதைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையின் அருமை அவருக்குப் புரிந்தது. ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தாராம். அதே பட்டைகள், அதே திருகாணிகள். மாற்றி மாட்டினால் ஒரு தரம் வண்டி, ஒரு தரம் பாலம்! புத்தகங்களை விஷயவாரியாகப் பிரித்து அடுக்க அவர் கண்டுபிடித்த முறைக்கு அந்தப் பொம்மைதான் வித்து. பிள்ளைகள் சாமான்களைப் பரப்பிப்போட்டு விளையாடும்போது கத்துகிறோமே, நாம்!

திரும்பி வந்தவர் அலமாரிகளைத் திறந்துவிட்டார். வாசகரே உள்ளே போய்த் தொட்டுப் பார்த்து எடுக்கலாம் என்றார். 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவதே, புத்தகம் பயன்படுவதற்குத்தான் என்பது. ஒவ்வொருவருக்கும் அவருக்கான புத்தகம் என்பது இரண்டாவது. இந்த இரண்டாவதை விளக்கும்போது ஏழை பணக்காரர், பட்டணம் பட்டிக்காடு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனவர், ஆண் பெண் என்பதையும் தனியாக எடுத்துப் பேசினார். அடுப்படிப் பெண்ணுக்கு எதற்குப் புத்தகம் என்று கேட்ட காலம் அது.

பட்டிக்காட்டுக்குப் புத்தகம் போவது எப்படி? அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். இந்த இயக்கமெல்லாம் வளர்ந்துதான் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றைக்கு நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது, தெரியுமோ? ரசீதை எடுத்துப் பாருங்கள். கிளை நூலகம் யாரோ போட்ட தர்மம் இல்லை. நம் பணமும் அதில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தையும் அவர் மறக்கவில்லை. பள்ளி, கல்லூரி நூலகங்களைப் பற்றி 1942இல் தனிப் புத்தகமே எழுதினார்.

வீட்டில் எப்படி என்றால்... முதல் மனைவி ருக்மணி 1928இல் காலமானார். அடுத்த வருஷம் சாரதா அம்மாளைக் கைப்பிடித்தார். கல்யாணத்தன்றுகூட மத்தியானம் நூலகத்துக்குப் போய்விட்டார் என்று சொல்வார்கள். நூலகத்துக்கு நல்ல மனுஷர்தான். புதுப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்! 20 வருஷத்துக்கு மேல் சென்னையில் உழைத்து, 1945இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்று பேர்தான். காசிப் பல்கலைக்கழகம், டெல்லி, பெங்களூர் என்று 1972இல் கண்மூடும்வரை உட்காரவே இல்லை. ஆயுள் சேமிப்பில் ஒரு லட்ச ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகப் படிப்புக்காகக் கொடுத்தார். அந்த நாளில் ஒரு லட்சம்! அந்தப் பேராசிரியர் பதவிக்கு வைத்த பெயர் மனைவியின் பெயர். சிக்கனமாகக் குடும்பம் நடத்திய கைக்கும் அதில் பங்கு உண்டுதானே.

சரி, பீரோவுக்கு வருவோம். 2023இல் ஆரம்பித்த வாசிப்பு இயக்கத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. உங்கள் குழந்தை அதில் ஒன்றையாவது வீட்டுக்குக் கொண்டு வந்ததா? கேளுங்கள். வந்தால், மடித்துவிட்டாய், எண்ணெய்க் கையால் தொட்டாய் என்று முதல் நாளே அடி போட வேண்டாம். கிழிந்த தாளை மைதாப் பசை தடவி மெல்லிய காகிதத்தால் ஒட்டிவிடலாம். குழந்தையையே ஒட்டச் சொல்லுங்கள், அடுத்த தடவை கிழியாது. வீட்டில் உள்ள புத்தகங்களை ஷெல்பின் மேல் தட்டில் வைக்காமல், மூன்று வயதுக் கைக்கு எட்டும்படி கீழ்த் தட்டில் வையுங்கள். பித்தளைக் குத்துவிளக்கு மேலே போகட்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால், 'கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலாம்' என்று போகாதீர்கள். பீரோச் சாவியைப் பற்றிப் பேச்சை எடுங்கள். டீச்சரைக் குற்றம் சொல்லுகிற மாதிரி வேண்டாம். "கிழிஞ்சாலும் தொலைஞ்சாலும் நீங்க கைக்காசு போட வேண்டாம் டீச்சர், நாங்க பார்த்துக்கறோம்" என்று தாய்மார்கள் நாலு பேர் சேர்ந்து சொன்னால் பாதி பயம் போய்விடும். எடுத்தவர் பெயர், தேதி எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அஞ்சாம் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்துப் பாருங்கள், நம்மைவிடக் கறாராகக் கணக்கு வைப்பாள்.